ஐந்து சென்ட் இடத்தில் எத்தனை பழமரம் வைக்கலாம்?

கேள்வி இதுதான்: மணப்பாறைப் பக்கம் செம்மண் பூமியில் புதுவீடு. வீட்டுக்கு வடக்கே கொல்லையில் 36 அடி அகலம், 60 அடி நீளம், ஏறக்குறைய 5 சென்ட் காலியாக இருக்கிறது. போர் தண்ணீர் உண்டு. நர்சரியிலிருந்து 14 கன்று வாங்கி வந்துவிட்டார்கள்: மா 4 (நீலம், பங்கனபள்ளி, அல்போன்சா, இமாம்பசந்த்), சப்போட்டா 2, கொய்யா 2, தென்னை 2, எலுமிச்சை, நெல்லி, மாதுளை, பலா ஒவ்வொன்று. பலா அம்மாவின் ஆசையாம். எதை எங்கே, என்ன இடைவெளியில் நடுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினான்கில் ஏழு கன்றை நடுங்கள். மற்ற ஏழு கன்றைக் கொடுத்துவிடுங்கள். சீத்தா ஒன்று புதிதாக வாங்கி எட்டாக்குங்கள். நட்ட எட்டையும் உயரமாகப் போகவிடாமல் குட்டையாக வைத்து வளருங்கள். இதைக் கேட்டு மனசு சுருங்கும், தெரியும். வாங்கி வந்த கன்றைக் கொடுப்பதும், வளர்த்த மரத்தை வெட்டுவதும் நம் ஆட்களுக்குப் பாவம் செய்வது மாதிரி. ஆனால் சின்ன இடத்தில் பழம் கிடைக்காமல் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் முதலாவது நிழல். உரமும் பூச்சியும் அதற்குப் பிறகுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. ஒரு மாமரத்தை அதன் போக்கில் விட்டால் 30 அடி அகலத்துக்குப் படரும். அது மட்டுமே 700 சதுர அடி, உங்கள் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு. நான்கு மாவும் ஒரு பலாவும் எட்டு வருடத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வெயிலைத் தேடி மேலே மேலே போகும். காய் உச்சியில் காய்க்கும், அணிலும் வௌவாலும் தின்னும், கீழே இருக்கிற கொய்யாவும் எலுமிச்சையும் இலை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும். இப்படி ஆன கொல்லைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

அடுத்தது, வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது. நம் பகுதியில் சித்திரையிலிருந்து ஆடி வரை மட்டும் உச்சிச் சூரியன் கொஞ்சம் வடக்கே நகரும். மற்றபடி பெரும்பாலான மாதங்கள் தெற்கே சாய்ந்துதான் இருக்கும். மார்கழி நண்பகலில் 30 அடி மரத்தின் நிழல் வடக்கே 20 அடி தூரம் விழும். உங்கள் வீடு கைப்பிடிச் சுவரோடு 14 அடி உயரம் என்றால் அதன் நிழல் கொல்லையில் 10 அடி வரை வரும். அந்த முதல் 10 அடியில் பழமரம் வேண்டாம். துணி துவைக்கிற கல், கறிவேப்பிலை, வெற்றிலைக் கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்பால் குட்டையானவை தெற்கே, உயரமானவை வடக்கே. இந்த ஒரு விதியை மாற்றி நட்டால் பிறகு திருத்த முடியாது.

வீட்டுச் சுவரிலிருந்து 16 அடியில் முதல் வரிசை: மேற்கே எலுமிச்சை, கிழக்கே கொய்யா. 28 அடியில் இரண்டாவது கொய்யாவும் சீத்தாவும். 40 அடியில் மா, சப்போட்டா, மா என்று மூன்று. கடைசியாக 52 அடியில், ஒரு மூலையில், பலா மட்டும். வரிசைக்கு வரிசை 12 அடி, பக்க மதிலிலிருந்து 6 அடி. பலாவை மட்டும் பக்க மதிலிலிருந்து 10 அடியாவது தள்ளுங்கள். காகிதத்தில் பார்த்தால் வெறிச்சென்று இருக்கும். அந்த வெறிச்சோடிய இடத்தில் முதல் மூன்று வருடம் பப்பாளியும் காய்கறியும் போடலாம். மரம் விரிய விரிய அவை தாமாக விடைபெறும்.

இனி கொடுக்க வேண்டியவை. தென்னை இரண்டும் 25 அடி இடைவெளி கேட்கும், உயரத்தைக் கட்டுப்படுத்தவே முடியாது. வயல் வைத்திருக்கும் உறவினருக்குக் கொடுங்கள். நெல்லி தனியாக ஒன்று நின்றால் பூக்கும், காய் பிடிக்காது. தன் மகரந்தம் தனக்கே சரியாகப் பலிக்காத மரம் அது. பி.எஸ்.ஆர். 1, என்.ஏ. 7, காஞ்சன் என்று இரண்டு ரகமாவது அருகருகே வேண்டும், உங்களுக்கு அதற்கு இடமில்லை. மாதுளை மணப்பாறை வறட்சிக்கு நன்றாகவே வளரும், ஆனால் ஒரு பட்டாம்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் முட்டை வைத்து, அதன் புழு பழத்தைக் குடைந்துவிடும். ஒவ்வொரு பிஞ்சுக்கும் பை கட்ட நேரமுள்ளவர்களுக்கு அது சரி. சப்போட்டா ஒன்று போதும், ஒரு மரமே ஒரு குடும்பம் தின்ன முடியாத அளவு தரும்.

மாவில் எதை வைத்துக்கொள்வது? அல்போன்சா நம் சமவெளிச் சூட்டில் உள்ளே பஞ்சு மாதிரி ஆகிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, அறுத்தால்தான் தெரியும். இமாம்பசந்த் சுவைக்கு நிகரில்லை, திருச்சிக்காரர்களிடம் அதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காய்ப்பு குறைவு. நான்கு மரம் வைப்பவர் அதில் ஒன்றாக வைக்கலாம், இரண்டே வைப்பவர் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பங்கனபள்ளி சித்திரை, வைகாசியில் வரும். நீலம் ஆனி, ஆடியில் வரும், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் என்று ஏமாற்றாமல் பெரும்பாலும் வருடா வருடம் காய்க்கும், மரமும் அடக்கமானது. கொட்டையில் வண்டு இருக்கும் என்பது அதன் குறை, சதையைச் சாப்பிட அதனால் தடையில்லை. இந்த இரண்டையும் வைத்தால் உங்கள் வீட்டில் மாம்பழக் காலம் மூன்று மாதத்துக்கு நீளும்.

நடுவதற்கு முன் கன்றுகளைப் பார்வையிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒட்டுக்கன்றில் ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே துளிர் விட்டிருந்தால் உடனே கிள்ளுங்கள். அது வேர்ச்செடியின் துளிர். அதை வளரவிட்டால் ஒட்டை அமுக்கிவிட்டு அதுவே மரமாகும். எனக்கு இது நடந்திருக்கிறது. நான் வாங்கிய ஒரு கன்றில் மேல் ஒட்டு வரும்போதே பாதி காய்ந்திருந்தது. விற்றவர் சொல்லவில்லை, நானும் உற்றுப் பார்க்கவில்லை. கீழிருந்து வந்த துளிரைப் பார்த்து, பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆறு வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகு நாரும் புளிப்புமாக ஒரு காய் வந்தது. ஆறு வருடம் திரும்பி வராது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஒட்டில் சுற்றிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால் அறுத்தெடுங்கள், இல்லாவிட்டால் தண்டு பருக்கும்போது கழுத்தை இறுக்கும்.

கொய்யாவுக்கு இன்னொரு சோதனை. பையைக் கவனமாகக் கிழித்து வேரைப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்தக் கன்றை நடாதீர்கள், மண்ணோடு திருப்பிக் கொடுங்கள் அல்லது எரித்துவிடுங்கள். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். நூற்புழு வேரைத் துளைத்த வழியில் வாடல் நோய்ப் பூஞ்சாணமும் புகுந்து, நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கிற மரம் கிளை கிளையாகக் காய்ந்து சாகும். கொய்யாத் தோட்டங்களைக் காலி செய்வது இதுதான், இது ஊர் ஊராகப் போவது நர்சரிப் பையின் மண் வழியாகத்தான். ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் முழுமையாக ஒழிக்க வழியில்லை. குழிக்கு ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுவதும், சுற்றிலும் செண்டுமல்லி நடுவதும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மாற்றுக் கன்று வேண்டுமானால் குடுமியான்மலை அரசு தோட்டக்கலைப் பண்ணையிலோ பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ விசாரியுங்கள். எலுமிச்சையில் பி.கே.எம். 1, சப்போட்டாவில் பி.கே.எம். 1 ஆகியவை பெரியகுளத்தில் உருவானவைதான். சீத்தாவில் ஏ.பி.கே. 1 அருப்புக்கோட்டையில் உருவானது, மானாவாரிக்கே தாங்கும்.

நடும் மாதம் ஆவணி கடைசியிலிருந்து புரட்டாசி. ஐப்பசி மழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும், அடுத்த கோடைக்கு முன் ஆறு மாதம் கிடைக்கும். மாவுக்கும் பலாவுக்கும் 3 அடிக்கு 3 அடி, மற்றவற்றுக்கு 2 அடிக்கு 2 அடி குழி போதும். வெட்டிய மேல் மண்ணோடு 10 கிலோ மட்கிய எரு கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணியும் மட்காத குப்பையும் போட்டால் செம்மண்ணில் கரையானுக்கு விருந்து வைப்பதாகும். குழி முழுவதையும் எருவால் நிரப்புகிறவர்களும் உண்டு. எரு மட்க மட்க மண் இறங்கி, கன்று பள்ளத்தில் போய் நிற்கும், ஒட்டு மண்ணுக்குள் புதையும். நட்டு முடித்த பிறகு ஒட்டு தரையிலிருந்து அரை அடி மேலே தெரிய வேண்டும். பைக்குள் வட்டமாகச் சுருண்ட வேர் இருந்தால் நீட்டிவிடுங்கள், முடியாததை வெட்டிவிடுங்கள்.

இப்போது கவாத்து. நட்ட கன்று புதுத்துளிர் விட்டு நிலைத்ததும் இரண்டரை அடியில் தலையை வெட்டுங்கள். ஆமாம், மாவையும்தான். வெட்டிய இடத்துக்குக் கீழே ஐந்தாறு துளிர் வரும். நான்கு திசைக்கு மூன்று அல்லது நான்கை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளுங்கள். அவை இரண்டடி வளர்ந்ததும் ஒவ்வொன்றின் நுனியையும் வெட்டுங்கள். இரண்டு வருடத்தில் குடையைத் தலைகீழாக விரித்து வைத்த மாதிரி ஒரு சட்டகம் கிடைக்கும். நடுவில் வெயில் இறங்கும், கை எட்டும். மா ஒட்டு முதல் வருடமே பூக்கும். ஆசைப்பட்டுப் பிஞ்சை விடாதீர்கள், மூன்று வருடம் வரை பூங்கொத்தைக் கிள்ளியெறியுங்கள்.

காய்க்க ஆரம்பித்த பிறகு வெட்டும் காலம் மரத்துக்கு மரம் மாறும். இதைப் புரிந்துகொண்டவருக்குக் கவாத்தில் பாதி வித்தை வந்துவிட்டது. மா முற்றிய கிளையின் நுனியில் பூக்கும். ஆகவே பழம் பறித்து முடித்த கையோடு, ஆடி முடிவதற்குள் வெட்ட வேண்டும். ஆவணி, புரட்டாசியில் வரும் துளிர் மார்கழிக்குள் முற்றி, தையில் பூக்கும். சோம்பலாக இருந்துவிட்டுக் கார்த்திகையில் வெட்டினால் அந்த வருடப் பூவை வெட்டியதாகவே அர்த்தம். கொய்யா நேர்மாறு, புதுத்துளிரில்தான் பூ வரும். காய் பறித்த கிளையைப் பாதிக்கு வெட்டினால் துளிரோடு பூவும் வரும், பூவிலிருந்து பழத்துக்கு நான்கைந்து மாதம். இரண்டு கொய்யாவை ஒரே நேரத்தில் வெட்டாமல் இரண்டு மாத இடைவெளியில் வெட்டினால், ஒன்று ஓயும்போது மற்றது காய்க்கும். சீத்தா மாசி, பங்குனியில் இலை கொட்டி நிற்கும்போது வெட்ட வேண்டும். எலுமிச்சையில் கை வைக்காதீர்கள். காய்ந்த குச்சியையும், அடியிலிருந்து நெட்டுக்கு ஓடும் போத்தையும் மட்டும் எடுங்கள். சப்போட்டா மெதுவாக வளரும், உள்ளே நெருங்கிய கிளையை எடுத்தால் போதும்.

பலாவைக் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லாததற்குக் காரணம் அம்மாவின் ஆசை மட்டுமல்ல. பலா அடிமரத்திலும் தடித்த கிளையிலும் காய்க்கிற மரம். உச்சியை வெட்டினாலும் காய்ப்பிடம் போகாது. 12 அடியில் நிறுத்தி, கிளைகளைக் குறைத்து வைத்தால் தரைக்குப் பக்கத்திலேயே பழம் தொங்கும். ஒட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பாலூர் ரகமான பி.எல்.ஆர். 1 நம்பகமானது.

குட்டையாக வைப்பதன் மதிப்பை எனக்குக் காட்டியது 2018 நவம்பர் 16. எங்கள் ஊர் ஆலங்குடிக்குக் கிழக்கே. கஜா புயல் விடிவதற்குள் தாத்தா காலத்து மா மூன்றையும் பலா இரண்டையும் வேரோடு சாய்த்துவிட்டது. வடகாடு, கீரமங்கலம் வரை பலாவும் தென்னையும் தரையோடு படுத்துக் கிடந்ததைப் பார்த்துப் பெரியவர்கள் வாய்விட்டு அழுதார்கள். அதே கொல்லையில் நான் ஒன்பதடியில் வெட்டி வைத்திருந்த இரண்டு மா, மூன்று கொய்யா, ஒரு எலுமிச்சை இலை உதிர்ந்து மொட்டையாக நின்றன, ஆனால் நின்றன. அடுத்த வைகாசியில் கொய்யா காய்த்தது. அந்த மரங்கள் இன்றும் இருக்கின்றன. பெரிய மரத்தை இழந்த வருத்தமும் இன்றும் இருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, தூரிலேயே ஊற்றுவது. தண்ணீர் குடிக்கும் சிறுவேர்கள் கிளைநுனிக்கு நேர் கீழேதான் இருக்கின்றன. முதல் வருடம் ஓரடி தள்ளிப் பாத்தி, பிறகு குடை விரிய விரிய பாத்தியும் வெளியே நகர வேண்டும். எலுமிச்சைத் தூரில் தண்ணீர் தேங்கினால் பட்டையில் பிசின் வடிந்து மரமே போகும். அதற்கு மட்டும் தூரைச் சுற்றி மண் அணைத்து, வெளிவட்டத்தில் பாத்தி கட்டுங்கள். காய்ந்த இலை, வைக்கோல் எது கிடைத்தாலும் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தூரை ஒரு சாண் விட்டு. மணப்பாறைக் கோடையில் மூடாக்கு இல்லாத பாத்திக்கும் உள்ள பாத்திக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். காய்க்கும் மாவுக்குக் கார்த்திகைக்குப் பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு, பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் மறுபடி தொடங்குங்கள். இடையில் ஊற்றினால் பூவுக்குப் பதில் துளிர் வரும்.

துவைக்கிற கல்லிலிருந்து போகும் தண்ணீருக்கு வாழை இரண்டு குத்து. நடுவில் ஒரு சிறு பள்ளத்தில் கல்வாழை வைத்து, அதைத் தாண்டி வாழைக்குப் போகவிட்டால் வாடை இருக்காது. கத்தி போல ஒடுங்கிய இலையுள்ள ஈட்டிக் கன்றைத்தான் நட வேண்டும். அகன்ற இலையோடு பார்க்க அழகாக இருக்கும் நீர்க்கன்று தேறாது. ஒரு தாய், ஒரு மகள், ஒரு பேத்தி என்று மூன்று மட்டும் குத்தில் நிற்கட்டும், மற்ற பக்கக் கன்றை அறுத்துவிடுங்கள். பூவனோ கற்பூரவல்லியோ வீட்டுக்கு ஏற்றது.

பப்பாளியில் ரகம் தெரியாமல் கடைப்பழ விதையைப் போட்டு, வந்ததெல்லாம் ஆண் மரமாகிப் போனவர்கள் நிறையப் பேர். கோ 7, ரெட் லேடி போன்றவற்றில் தனி ஆண் மரம் வராது, பெண்ணோ இருபால் மரமோதான் வரும், எல்லாம் காய்க்கும். மூன்று கன்று, மேடான இடத்தில் நடுங்கள். ஒரே நாள் தண்ணீர் தேங்கினாலும் வேர் அழுகிவிடும்.

பப்பாளி என்றதும் மாவுப்பூச்சியைச் சொல்ல வேண்டும். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட வெளிநாட்டு மாவுப்பூச்சி இரண்டே வருடத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. எந்த மருந்தும் நிற்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் இயற்கை எதிரியான ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. அந்தக் குளவி இன்றும் நம் ஊர்களில் இருக்கிறது. நாலு வெள்ளைப் புள்ளி பார்த்தவுடன் கடுமையான மருந்தை அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், மோசமான இலையைக் கிள்ளியெடுங்கள், ஒரு மாதம் பொறுங்கள்.

கொய்யாவிலும் மாவிலும் புழு வைப்பது பழ ஈ. வீட்டு மரத்துக்கு எளிதான காப்பு பைதான். கொய்யா எலுமிச்சை அளவு வந்ததும் நெய்யாத துணிப்பையைக் கட்டிவிடுங்கள், அணில், கிளி தொல்லையும் பாதி குறையும். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். குப்பைக்குழியில் வீசினால் அடுத்த தலைமுறை ஈ அங்கிருந்தே வரும். எலுமிச்சைத் துளிரில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பது பட்டாம்பூச்சிப் புழு, கையால் எடுத்தால் போதும். அதே எலுமிச்சையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலை சிறுத்து வந்தால் துத்தநாகக் குறை. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்துப் புதுத்துளிரில் தெளியுங்கள்.

சீத்தாவுக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது, குழந்தைகளிடம் கொடுத்தால் ஆர்வமாகச் செய்வார்கள். அதன் பூ முதலில் பெண்ணாக இருந்து பிறகு ஆணாகும், இரண்டும் ஒரே நேரத்தில் அமைவது அரிது. அதனால்தான் கொட்டிப் பூத்தும் நாலைந்து காய் மட்டும் பிடிக்கிறது. நன்றாக விரிந்த பூக்களின் மகரந்தத்தை மாலையில் ஒரு டப்பாவில் உதிர்த்து வைத்து, மறுநாள் காலை, இதழ் பாதி திறந்த பூக்களுக்குள் மெல்லிய தூரிகையால் தடவுங்கள். தடவிய பூவில் நூல் கட்டி வைத்தால் எது பிடித்தது என்று நீங்களே பார்க்கலாம்.

கொடுக்கச் சொன்ன ஏழு கன்றில் இமாம்பசந்த்தை மட்டும் யாருக்கும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். பெரிய பையில் மாற்றி ஒரு வருடம் வைத்திருங்கள். இப்போது நடுகிற இரண்டு மாவில் ஒன்று முதல் கோடையில் போய்விட்டால் அந்தக் குழிக்கு அது உதவும். போகவில்லை என்றால், அடுத்த புரட்டாசியில் உங்கள் தெருவில் இடமுள்ள யாருக்காவது கொடுத்து, பழத்தில் பங்கு கேட்டு வையுங்கள்.